பத்து மணிக்குக் கிளம்ப வேண்டிய லாரி

எங்கள் யார்டில் உண்மை பேசுகிற டிரைவரே கிடையாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள், மலைக்குப் போனால் லட்டு கொண்டுவந்து தருகிறவர்கள், டீ சொன்னால் எனக்கும் ஒரு கிளாஸ் சேர்த்துச் சொல்கிறவர்கள். ஆனால் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று கேட்டால் மட்டும் ஒருத்தர் வாயிலிருந்தும் நிஜம் வராது.

ரேணிகுண்டாவைத் தாண்டி இருக்கிறது அந்த யார்டு. மின்சார லாரிகள் வந்து நின்று சார்ஜ் ஏற்றிக்கொண்டு போகும் இடம். டிரைவர் லாரியை நிறுத்தி, சார்ஜர் கன்னைச் சொருகிவிட்டு, என் ஜன்னலுக்கு வந்து கிளம்பும் நேரத்தைச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் என் பிழைப்பே. ஒரு லாரிக்கு இரண்டு மணி நேரச் சார்ஜ் போதும், ஆனால் அது ஐந்து மணி நேரம் நிற்கப்போகிறது என்றால், மூன்று மணி நேரம் என் கையில் மிச்சம். கரண்டுக்கு இழுபறியாக இருக்கும்போது அந்த லாரியைச் சும்மா நிற்க வைக்கலாம். வெயில் ஏறி சோலார் கரண்ட் தாராளமாக வரும்போது ஏற்றிக்கொள்ளலாம். லாரிக்கு நஷ்டமில்லை, ஊருக்கு லாபம்.

காலையில் ஊரே மோட்டார் போடுகிற நேரத்திலும், சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்திலும் கரண்ட் ஆபீசிலிருந்து என் கம்ப்யூட்டருக்குச் செய்தி வரும். இவ்வளவு குறைக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும் என்று பதில் போடுவேன். எந்த லாரி ஏற வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது நான். சொன்ன அளவைக் குறைத்துக் காட்டாமல் ஒரு நாளும் விட்டதில்லை. எங்கள் மேனேஜர் வெளியூரிலிருந்து யார் வந்தாலும் என் ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு வந்து, "எங்க மேடம் ஒரு தடவ கூட மிஸ் பண்ணதில்ல" என்பார். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே குளுகுளு என்று இருக்கும்.

இதில் டிரைவர்களின் தகிடுதத்தம் என்னவென்றால், பன்னிரண்டுக்குக் கிளம்புகிறவர் பத்து என்பார். எட்டுக்குப் போகிறவர் ஆறு என்பார். சீக்கிரம் போவதாகச் சொல்லிவைத்தால் முதலில் ஏறும், ஏறிவிட்டால் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கலாம் என்ற கணக்கு. ஒருத்தர் செய்ததைப் பார்த்து இன்னொருத்தர், அவரைப் பார்த்து எல்லாரும். காரணம் கேட்டால் எல்லாருக்கும் ஒரே காரணம்தான், வீட்டில் வேலை. திருப்பதிக்காரர் ஒருவர் தினமும் தெலுங்கில், "இண்ட்லோ பனி உந்தி மேடம்" என்று சொல்லிவிட்டு நேராகப் போய் லாரிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். நானும் பார்த்தேன். அவர்கள் சொல்லுகிற நேரத்தோடு இரண்டு மணி நேரத்தைக் கூட்டிப் போட ஆரம்பித்தேன். ஒருவருக்கும் தெரியாது. எல்லா லாரியும் நேரத்துக்குக் கிளம்பியது, எல்லாருக்கும் சந்தோஷம். நான்தான் பெரிய சாமர்த்தியசாலி என்று நினைத்துக்கொண்டேன்.

கரண்ட் விஷயத்தில் எனக்கு இவ்வளவு வெறி வந்ததற்கு வீடும் ஒரு காரணம். நகரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறு பவர்லூம் ஓடுகிறது. கணவர்தான் ஓட்டுகிறார். தறி ஓடும்போது கரண்ட் பட்டென்று போய்த் திரும்ப வந்தால், நின்ற இடத்தில் துணியில் ஒரு கோடு விழுந்துவிடும். அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு வாங்குகிறவன் மூஞ்சியைச் சுளிப்பான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்துப்போயிருந்தது. சாயங்காலம் ரயிலில் ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது தறிச் சத்தம் நிற்காமல் கேட்டால் எனக்கு ஒரு கர்வம். நான் நிறுத்தின கரண்ட்தான் இங்கே ஓடுகிறதா என்று யாரும் சொல்ல முடியாது, கரண்டில் அப்படி அடையாளம் எதுவும் கிடையாது. ஆனாலும் கணவர் வாசலில் நின்று, "இன்னா, இன்னிக்கு உன் லாரிங்க எல்லாம் பட்டினியா? இங்க நிக்காம ஓடிக்கினு கீது" என்று கிண்டல் பண்ணும்போது, ஆமாம் என்றுதான் தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஒரு டிரைவர் எங்களிடம் சேர்ந்தார். சித்தூருக்குப் பக்கத்தில் குடிபாலாக்காரர். வேலூருக்கும் பெங்களூருக்கும் டீசல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒல்லி உடம்பு, அதிகம் பேசமாட்டார். முதல் நாள் நாலு மணி என்றார், நாலு மணிக்கே கிளம்பினார். தற்செயல் என்று நினைத்தேன். இன்னொரு நாள், எனக்கு அவசரம் இல்லை, மற்றவர்களுக்குப் போடுங்கள் என்றார். அப்படி ஒரு டிரைவரை எங்கள் யார்டு பார்த்ததே இல்லை. நியாயமாக எனக்கு மரியாதை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தேகம். புது ஆள், முதலில் நல்ல பேர் வாங்கிவிட்டுப் பிறகு வேலையைக் காட்டுவார் என்று நினைத்தேன். அவருடைய நேரத்துக்கும் அந்த இரண்டு மணி நேரத்தைக் கூட்டியே போட்டேன்.

மாம்பழ சீசன் அப்போது. சித்தூர்ப் பக்கம் பழத்தைக் கூழாக்கி டின்னில் அடைக்கிற ஃபேக்டரிகள் எல்லாம் முழு மூச்சாக ஓடும், கரண்ட் ஆபீசுக்கு மூச்சு முட்டும். அன்று அவர் காலையிலேயே வந்துவிட்டார். முந்தின லோடை இறக்கிவிட்டு வந்ததில் பேட்டரி அடிமட்டத்தில் இருந்தது. சித்தூர் ஃபேக்டரி ஒன்றுக்குக் காலி டின் லோடு, அவரே கேட்டு வாங்கின டிரிப் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சித்தூரில் எங்களுக்குச் சார்ஜர் கிடையாது. அதனால் போய்த் திரும்பும் அளவுக்கு ஏறாமல் எந்த லாரியையும் கேட்டில் விடமாட்டார்கள்.

ஜன்னலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், இஸ்திரி போட்டது. டிரைவர்கள் வேலை நாளில் அப்படி வருவதில்லை. அதைப் பார்த்தேன், மனதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பத்து மணிக்குக் கெளம்பணும் மேடம். வூட்ல கொஞ்சம் வேல கீது."

இவரும் கடைசியில் எல்லாரையும் போல ஆகிவிட்டாரே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சரிண்ணா என்றேன். பன்னிரண்டு என்று போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் ஆபீசிலிருந்து செய்தி வந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, பாதிக்கு மேல் குறைக்கச் சொன்னார்கள். என் கணக்குப்படி முதலில் போகிற லாரிகளை மட்டும் ஏறவிட்டு மற்றதை நிறுத்தினேன். அவருக்குப் பக்கத்தில் அந்தத் திருப்பதிக்காரர் லாரி. அவர் ஒன்பது என்று சொல்லியிருந்தார், நான் பதினொன்று என்று போட்டிருந்தேன். அதனால் அது ஏறிக்கொண்டிருந்தது. குடிபாலாக்காரருடையது நின்றது.

அவர் வந்து, கன் போட்டிருக்கிறேன், லைட்டு எரியவில்லையே என்று கேட்டார். கரண்ட் ஆபீசிலிருந்து குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், கொஞ்சம் இருங்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்தார், ஒன்றும் கேட்காமல் ஜன்னலோரம் நின்றுவிட்டுப் போனார். போனை எடுத்து எடுத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. எல்லாரும் செய்கிற நாடகம் என்று நினைத்தேன்.

மூன்றாம் முறையும் வந்தார்.

"வண்டிய வேற யாராவது எடுத்துக்கினு வரட்டுமா மேடம்? மேனேஜர்கிட்ட நானே கேட்டுக்கறேன். நான் பஸ் புடிச்சிப் போய்டறேன்."

இந்த இடத்தில்தான் நான் என்னையே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. அவர் கேட்ட அந்த நேரத்தில் பஸ் ஏறியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். ரேணிகுண்டாவிலிருந்து சித்தூருக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்? நான் போகவிடவில்லை.

"பஸ்ஸு எதுக்குண்ணா? அரை மணி நேரத்துல போட்டுட்றேன். நீங்க பஸ் புடிச்சி சித்தூர் போறதுக்குள்ள லாரியே போய்டும்."

நம்பினார். டிரைவர்கள் உட்காருகிற ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்தார். அந்த அரை மணி நேரம் முடிவதற்குள் இன்னும் ஒரு மணி நேரம் நீட்டிக்க முடியுமா என்று கேட்டுச் செய்தி வந்தது. முடியாது என்று சொல்லியிருக்கலாம், சொல்வதற்கு எங்களுக்கு உரிமை உண்டு. இல்லை, தூங்கிக்கொண்டிருந்த திருப்பதிக்காரர் லாரியை நிறுத்திவிட்டு இவருடையதை ஏற்றியிருக்கலாம். ஒரு பட்டன்தான். ஆனால் மிஸ் பண்ணாதவள் என்ற பேர் ஒரு பக்கம். ஒருத்தர் வந்து வந்து நிற்பதால் மாற்றிக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள் என்ற வீம்பு இன்னொரு பக்கம். முடியும் என்று பதில் போட்டேன். அவரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. ஜன்னலிலிருந்து அவர் முதுகு தெரிந்தது, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் அவர் லாரி ஏறி முடித்தது. கன்னைக் கழற்றி ஒழுங்காக மாட்டிவிட்டு, வருகிறேன் மேடம் என்று சொல்லிவிட்டே போனார்.

மறுநாள் திரும்பி வந்தார். பழைய காக்கிச் சட்டை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன், அதுவும் கேலியாக.

"இன்னாண்ணா, வூட்டு வேல முடிஞ்சிதா?"

"எங்க மேடம். வேன் போய்டிச்சி."

எந்த வேன் என்றேன். சொன்னார். அவர் மனைவி குவைத்துக்குப் போய்விட்டார். ஒரு வீட்டில் சமையலும் வேலையும். இரண்டு வருஷம் கழித்துத்தான் லீவு. ஏஜெண்டின் வேன் ஊரில் நாலைந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போவதற்காக மத்தியானம் வந்துவிட்டது. அந்த அம்மா, இன்னும் கொஞ்சம், இதோ வந்துவிடுவார் என்று சொல்லிச் சொல்லி வேனை நிறுத்திவைத்திருக்கிறார். மற்ற பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகு ஏறிவிட்டார். இவர் அப்போது சித்தூருக்கு முன்னால் காணிப்பாக்கம் பக்கம் வந்துகொண்டிருந்தாராம். டின் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனபோது பிள்ளைகள் இரண்டும் வாசலில் உட்கார்ந்திருந்தன. அவருக்கென்று மூடி வைத்திருந்த சோறு அப்படியே இருந்தது.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அவர் மேலேயே கோபம். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணா?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பொண்டாட்டிய வூட்டு வேலைக்கி அனுப்பறேன்னு இத்தினி பேரு எதுர்ல எப்டி மேடம் சொல்றது?"

பிறகு என் முகத்தில் என்ன பார்த்தாரோ, அவரே சமாதானம் சொன்னார். "நீங்க இன்னா பண்ணுவீங்க மேடம். கரண்ட் ஆபீஸ்ல நிறுத்தச் சொன்னா நிறுத்தித்தானே ஆவணும்."

"ஆமாண்ணா" என்றேன்.

அந்த ஒரு சொல் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. செய்தது ஒரு தப்பு. அதைத் தூக்கி, ஊர் பேர் தெரியாத யாரோ ஒரு ஆபீசர் தலையில் வைத்துவிட்டு ஆமாம் என்றேனே, அது வேறு தப்பு. வீட்டுக்குப் போனால் கணவர் வழக்கம் போல வாசலில் நின்று கிண்டல் பண்ணினார். தறிச் சத்தம் என்னைத் திட்டுவது போல இருந்தது. அன்று அந்தச் சத்தம் நிற்கக் கூடாதா என்று கூட நினைத்தேன். சாப்பிடும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, அந்த ஆளிடம் சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சொல்லிவிடு என்று எழுந்துபோய்விட்டார். சொல்லுவது சுலபமா?

சொல்வதைத் தவிர மற்றதெல்லாம் செய்தேன். எல்லாருக்கும் இரண்டு மணி நேரம் கூட்டிப் போடுவதை விட்டேன். அவரவர் சொன்னதை அப்படியே போட்டேன். மூன்றாம் நாளே, குறைக்கிறேன் என்று சொன்ன அளவைக் குறைக்க முடியாமல் முழித்தேன். மேனேஜர் கூப்பிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அதன் பிறகு வேறு வழி பிடித்தேன். நேரம் சொல்ல வருகிறவரிடம் என்ன வேலை என்று கேட்கிறேன். முதலில் சிரித்தார்கள், மேடத்துக்கு நம் வீட்டுக் கதை எதற்கு என்று. பிறகு சொல்ல ஆரம்பித்தார்கள். பாதிக் கதை புளுகுதான், அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் திருப்பதிக்காரரின் அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், அவர்தான் கூட்டிக்கொண்டு போகிறார் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. லாரிக்கு அடியில் அவர் தூங்குவதைப் பார்த்து எத்தனை நாள் பல்லைக் கடித்திருக்கிறேன்.

குடிபாலாக்காரர் லாரி வந்தால் மட்டும் வேறெதையும் பார்க்காமல் முதலில் ஏற்றினேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு எதற்கு முதலில், நான் மூன்று மணிக்குத்தான் போகிறேன் என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஷெட்டில் அவர் மட்டும் இருந்தார். இரண்டு டீயை வாங்கிக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும் என்று நேராக ஆரம்பித்தேன்.

"அண்ணா, அன்னிக்கு உங்க வண்டிய நிறுத்தனது கரண்ட் ஆபீஸ் இல்ல. நான்தான். நீங்க பத்துன்னு சொன்னத நான் பன்னெண்டுன்னு போட்டேன்."

டீயை ஒரு வாய் குடித்தார். அப்புறம் கிளாசைக் கீழே வைத்தார்.

"தெரியும் மேடம்."

எப்படி என்று கேட்டேன்.

"பக்கத்து வண்டிக்கு லைட்டு எரிஞ்சிக்கினுதானே இருந்திச்சி. கரண்ட் இல்லன்னா அதுக்கு மட்டும் எங்கேருந்து வரும்?" கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாளாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிற மாதிரி சொன்னார். "அவகிட்ட கரண்ட் இல்ல, வண்டி நின்னுடுச்சின்னு சொல்லி வெச்சிக்கீறேன். ஒரு ஆளு பண்ணதுன்னு தெரிஞ்சா அங்க தனியா குந்திக்கினு அந்த ஆள நெனச்சி நெனச்சி அழுவா. கரண்ட்டுன்னா ரெண்டு நாள் திட்டிட்டு வுட்டுடுவா. நீங்களும் அப்டியே வெச்சிக்கங்க மேடம்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். மன்னிப்பதற்கான இடத்தையே அவர் மூடிவிட்ட பிறகு அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. குவைத்திலிருந்து அந்த அம்மா. வேலை பார்க்கிற வீட்டில் இருப்பவர்கள் வெளியே போகும் நேரம் பார்த்து இப்படிக் கூப்பிடுவாராம். நான் எழுந்தேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்களா, சாப்பிட்டீர்களா என்று கேட்கிற குரல் எனக்கும் கேட்டது. ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறேன், எங்கள் மேடமும் இருக்கிறார்கள் என்றார். எந்த மேடம் என்று கேட்டிருக்க வேண்டும். "கரண்ட்டு பாக்கறாங்களே, அந்த மேடம்" என்று சொல்லிவிட்டு, நான் வேண்டாம் என்று தலையாட்டுவதற்குள் போனை என் பக்கம் திருப்பிவிட்டார்.

சின்ன முகம். தலையில் முக்காடு, பின்னால் பளபளவென்று ஒரு சமையலறை. என்னைப் பார்த்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"நல்லா கீறீங்களா மேடம்? இப்பல்லாம் அங்க கரண்ட் ஒழுங்கா வருதுங்களா?"

"வருதும்மா" என்றேன்.

"அப்ப சரி மேடம். அன்னிக்கிதான் பாவம், உங்களுக்கும் எவ்ளோ கஷ்டமோ" என்றார்.